லாவண்யா எண்டா உப்பா?

அக்கரைப்பற்றில இரிந்து ஒரு தம்பி கேட்டிரிக்கார், கேள்வி சுருக்கமா இதுதான். மகள் பிறந்து 18 நாள், அசுவினி நாலாம் பாதம், சாத்திரியார் 'ல' எழுத்தில பேர் வைக்கச் சொல்லிட்டார், மனிசிக்கு லாவண்யா எண்ட பேர் புடிச்சுப் போச்சு. எல்லாம் சரியெண்டு இரிக்கக்குள்ள லண்டனில இரிக்கிற மச்சான் நிரோசன் கோல் எடுத்து, "லாவண்யா எண்டா உப்பாம், நெட்ல பாத்தன், உப்பெண்டு ஆராவது புள்ளைக்குப் பேர் வைப்பாங்களா" எண்டு கேட்டு வச்சிட்டார். இப்ப மாமியார் மூஞ்சிய நீட்டிக்கொண்டு இரிக்கிறாவாம். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவுக்குள்ள ஒரு முடிவு வேணும், பேரின்ட அர்த்தம், அது எங்க இரிந்து வந்த எண்டதெல்லாம் எவ்வளவு முக்கியம் எண்டு கேக்கிறார்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் தமிழ் படிப்பிச்ச ஆள், 28 வருஷம் இடாப்புக் கூப்பிட்டவன். அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதல்ல உப்பு. மச்சான் சொன்னது பிழையில்ல, ஆனா பாதிதான் சொல்லியிரிக்கார். வடமொழியில லவணம் எண்டா உப்பு. அதில இரிந்து வந்த சொல்லுத்தான் லாவண்யம். ஆரம்பத்தில உப்புத்தன்மை, மறுகா ருசி, மறுகா அழகு. அதுவும் சும்மா அழகில்ல, மூக்கு முழி எல்லாத்துக்கும் மேலால ஒரு மினுக்கம் ஓடுமே, நல்ல முத்துக்குள்ள தண்ணி ஓடுறாப்போல, அதைத்தான் வடமொழிக்காரன் லாவண்யம் எண்டான். இது விளங்காட்டி எங்கட பெத்தா மீன் கறி ஆக்கின விதத்த நினைச்சுப் பாருங்க. சட்டிய இறக்க முதல் அகப்பையால ஒரு சொட்டு உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாப்பா, ஒண்டும் பேசமாட்டா, சிரட்டைக்குள்ள கைய விட்டு ரெண்டு கல்லு உப்ப எடுத்துப் போட்டு ஒரு கிண்டு கிண்டுவா, மறுகா திரும்பவும் நக்கிப் பாத்து "ம், இப்பதான் கறி" எண்டுவா. மீன் அதே மீன், புளி அதே புளி, அந்த ரெண்டு கல்லுக்கு முந்தியும் பிந்தியும் என்ன வித்தியாசமோ அதுக்குத்தான் லாவண்யம் எண்டு பேர். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சொல்லுற சனம் நாங்க, எங்களுக்கு இதில வெக்கப்பட என்ன இரிக்கு?

சரி, மச்சான் அர்த்தம் பாக்கிற ஆளெண்டா அவர்ட பேரையும் ஒருக்காப் பாப்பம். ரோஷம் எண்டா வடமொழியில கோபம், அது இல்லாதவன் நிரோஷன், கோபமே வராத சாந்தமான ஆள், நல்ல அர்த்தம்தான். ஆனா அதே ரோஷம் தமிழுக்கு வந்து ரோசம் ஆகி, மானம் மரியாதையோட சேந்து நிக்குது, 'ரோசம் கெட்டவன்' எண்டு எங்கட ஊரில ஒருத்தனச் சொல்லிப் பாருங்க, என்ன நடக்குமெண்டு. அப்ப நிரோசன் எண்டா தமிழ்க் காதுக்கு ஆர்? இத அவரிட்டச் சொல்லிச் சண்டை பிடிக்க வேணாம், சும்மா பகிடிக்குச் சொல்லுறன். நான் சொல்ல வந்தது என்னெண்டா, இத்தின வருஷமா அவர நிரோசன் எண்டு கூப்பிட்டவங்க ஒருத்தரும் அந்த அர்த்தத்த நினைச்சுக் கூப்பிடல்ல. அவர் வாறார் எண்டுதான் நினைச்சாங்க.

இந்த நெட் அர்த்தங்களப் பத்தியும் ஒரு வார்த்தை. பேருக்கு அர்த்தம் சொல்லுற பக்கங்களில எந்தப் பேரப் போட்டுத் தேடினாலும் 'கடவுளின் பரிசு', 'இளவரசி', 'ஒளி', 'வெற்றியாளன்', இந்த நாலுக்குள்ளதான் சுத்தும். உண்மையில கடவுள் குடுத்த எண்டு அர்த்தம் வாற பேர் இல்லாம இல்ல, தேவதத்தன் இரிக்கு, மத்தேயு இரிக்கு. ஆனா 'யதுர்ஷன்' எண்டதுக்கும் அதே அர்த்தத்தத்தான் போட்டு வச்சிரிக்கான் எண்டா என்ன செய்யிற. அந்தப் பேருக்கு எந்த அகராதியிலயும் அர்த்தம் கிடையாது, ஓசைக்காக இஞ்சயே செஞ்ச பேர் அது.

ஓசைக்குப் பேர் செய்யிறதில எங்கட ஆக்கள அடிக்க ஏலாது. தொண்ணூறுக்குப் பிறகு பிறந்த புள்ளைகள்ட இடாப்பக் கையில எடுத்தா நாக்குச் சுளுக்கும். நிதுர்ஷன், கிருஷாந்தன், டினோஜன், யதுர்ஷிகா, டிலுக்ஷி. முன்னுக்கு ஒரு எழுத்து, நடுவில ஒரு ஷ, ஆம்புளைக்கு 'ன்', பொம்புளைக்கு 'னி' இல்லாட்டிக் 'கா'. தாய்ட பேரில ஒரு எழுத்து, தகப்பன்ட பேரில ஒரு எழுத்து எடுத்து ஒட்டினதும் நிறைய. தமிழ் வாத்தியாரா எனக்கு ஆரம்பத்தில இதில சரியான கோவம், ஒளிச்சு வச்சு என்ன. ஒருக்கா ஆறாம் ஆண்டில ஒரு பொடியனிட்ட "உங்கட பேருக்கு என்ன அர்த்தம்" எண்டு கேட்டுப்போட்டன். அவன் கொஞ்ச நேரம் நிண்டு யோசிச்சிட்டு, "அப்பா சவுதியில இரிக்கக்குள்ள அம்மாவும் அவரும் போனில பேசிப் பேசிச் செஞ்ச பேர் சேர்" எண்டான். நான் மறுகா ஒரு புள்ளையிட்டயும் அந்தக் கேள்வியக் கேக்கல்ல. எந்தப் பேருக்கும் குறையாத அர்த்தம் அவனுக்கு அதுக்குள்ள இரிக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு.

இந்த இடத்தில ஒரு சொல்லப் பாருங்க தம்பி. பேரன், பேத்தி. பெயரன், பெயர்த்தி எண்டதுதான் அப்படித் திரிஞ்சது. பாட்டன்ட பேரத் தாங்குறவன் பெயரன். அதாவது சொந்தத்துக்கே எங்கட பாஷை பேர வச்சுத்தான் பேர் வச்சிரிக்கு. அதில அர்த்தத்தப் பத்தி ஒரு பேச்சும் இல்ல, ஆர்ட பேர் எண்டதுதான் கணக்கு. பழைய ஆக்கள்ட பேர்களப் பாருங்க, மூத்ததம்பி, இளையதம்பி, சின்னத்தம்பி, நல்லதம்பி, தம்பிப்பிள்ளை. இதில என்ன ஆழமான கருத்து இரிக்கு? எத்தினையாவதாப் பிறந்தான் எண்டதுதான். ஆனா அந்தச் சின்னத்தம்பிமார்தான் படுவான்கரையில காடு வெட்டிக் களனியாக்கின போடிமார், பெரிய வயல்காரர். அதவிட, முந்திப் பிறந்த புள்ளைகள் தங்காத வீட்டில அடுத்த புள்ளைக்குப் பிச்சை, குப்பை எண்டு வேணுமெண்டே கெட்ட பேர் வைப்பாங்க, கண்ணூறு படாமத் தங்கட்டும் எண்டு. அகராதியப் பாத்தா அது வசவு. அந்தத் தாய் எந்த மனசோட அந்தப் பேர வச்சாள் எண்டு பாத்தா அதவிடச் செல்லமான பேர் இல்ல.

பாண்டிருப்புத் தீப்பள்ளயத்துக்குப் போயிரிப்பீங்க, உங்களுக்குக் கிட்டத்தானே. திரௌபதை அம்மன் எண்டு சனம் கண்ணீர் விட்டுக் கும்பிடுது. திரௌபதி எண்டா துருபதன்ட மகள், அவ்வளவுதான் அர்த்தம். பாஞ்சாலி எண்டா பாஞ்சால நாட்டுக்காரி. ஒண்டு தகப்பன்ட பேர், மத்தது ஊர்ட பேர். அவட சொந்தப் பேர் கிருஷ்ணை, அதுக்குக் கறுப்பி எண்டு அர்த்தம். தீ மிதிக்கிறவன் ஆராவது இந்த மூண்டில எதையாவது நினைச்சா மிதிக்கிறான்? அந்தப் பேருக்குள்ள இரிக்கிறது ஒரு சபையில தனிய நிண்டு நியாயம் கேட்ட பொம்புளை.

இதுக்காக அர்த்தத்தையே பாக்க வேணாம் எண்டு நான் சொல்லவரல்ல. அர்த்தத்தத் தேடிப் புடிச்சுப் பேர வச்சுக்கொண்ட பெரியாக்களும் இரிக்காங்க. மறைமலை அடிகள் 1876 இல பிறக்கக்குள்ள வேதாசலம். வேதம் மறை, அசலம் மலை, அர்த்தத்த அப்படியே வச்சுக்கொண்டு பாஷைய மட்டும் மாத்தினார். அவருக்கு அர்த்தமில்ல, வேர்தான் பிரச்சினை. எங்கட காரைதீவில 1892 இல பிறந்த மயில்வாகனம் துறவுக்குப் போய்ப் பிரபோத சைதன்யர் ஆகி, 1924 இல சுவாமி விபுலானந்தர் ஆனார். விபுலம் எண்டா விசாலம், பரந்தது. அதுவும் வளந்த ஒருத்தர் தெரிஞ்சு ஏற்றுக்கொண்ட பேர். 18 நாள் புள்ளைக்கு அந்தத் தெரிவு இல்ல, நாங்கதான் அவட தலையில வைக்கிறம். அதால அவ வளந்து எந்தப் பாஷைக்குள்ள நடமாடப்போறாளோ அந்தப் பாஷையில அந்தப் பேர் அவள நோகடிக்கக் கூடாது, நான் பாக்கச் சொல்லுற அர்த்தம் அவ்வளவுதான். மகாராஷ்டிராவில சாத்தாரா எண்ட மாவட்டத்தில 'நக்குஷி' எண்டு பொம்புளைப் புள்ளைகளுக்குப் பேர் வச்சிரிந்தாங்க, வேண்டாதவள் எண்டு அர்த்தம். பிச்சை, குப்பை மாதிரிப் புள்ள தங்கட்டும் எண்டு வச்சதில்ல, அடுத்ததாவது ஆம்புளையாப் பிறக்கட்டும் எண்டு வச்ச பேர். 2011 இல அரசாங்கமே விழா வச்சு 200 க்கு மேல புள்ளைகளுக்குப் பேர மாத்திக் குடுத்தது. அங்க அர்த்தம் கடிச்சது, ஏனெண்டா அது அவங்கட தாய்ப்பாஷை, ஒவ்வொரு தரம் கூப்பிடக்குள்ளயும் அந்தப் புள்ளைக்கு விளங்கும். லாவண்யாவில உப்பு எங்க விளங்குது? உங்கட மச்சானுக்கே நெட்ல பாத்துத்தானே தெரியும்.

முஸ்லிம் ஆக்கள் எங்களவிட இதில கவனம். என்னோட படிப்பிச்ச நிந்தவூர் மௌலவி ஒருத்தர் சொன்னத இப்பவும் நினைச்சுச் சிரிப்பன். ஆசியா எண்டு அவங்களில நிறையப் பேர் இரிக்காங்க, பிர்அவ்ன் எண்ட எகிப்து மன்னன்ட மனைவி, அவ்வளவு மதிக்கப்படுற பெண். ஆனா அறபியில வேற எழுத்தில எழுதுற இன்னொரு ஆசியா இரிக்காம், மாறு செய்யிறவள் எண்டு அர்த்தம், அப்படிப் பேரோட இரிந்த ஒரு பெண்ணுக்கு நபியவர்கள் ஜமீலா, அதாவது அழகானவள் எண்டு மாத்தி வச்சதாக ஹதீஸ் இரிக்கு. அறபியில ரெண்டுக்கும் வேற வேற எழுத்து, தமிழில எழுதினா ரெண்டும் ஒரே ஆசியாதான், கூடவே ஒரு கண்டமும். "நீங்க தமிழ் வாத்தியார், இதுக்கு ஒரு எழுத்துக் கண்டுபுடிங்களன்" எண்டு என்ன நக்கலடிப்பார். அவர்ட மூத்தவாப்பா காலத்துப் பேர்கள் எல்லாம் மீராலெப்பை, உதுமாலெப்பை, ஆதம்பாவா எண்டு அறபும் தமிழும் கலந்து ஊர் மணத்தோட இரிக்கும், இப்பத்தப் பேர்கள் தனி அறபு. அது அவங்கட தெரிவு, எனக்கு அந்தப் பழைய பேர்கள்ட ஓசையில ஒரு ஆசை, அவ்வளவுதான்.

வேர், அதாவது பேர் எங்க இரிந்து வந்த எண்டதுக்கு வருவம். அர்த்தத்தவிட இதுதான் ஆளப் போட்டு வாங்கும். அமெரிக்காவில 2004 இல வந்த ஒரு ஆய்வு, பொஸ்டனிலயும் சிக்காகோவிலயும் வேலை விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5000 விண்ணப்பம் அனுப்பினாங்க, தகுதியெல்லாம் சரிக்குச் சரி, பேர் மட்டும் வேற. எமிலி, கிரெக் மாதிரி வெள்ளைக்காரப் பேருக்கு, லக்கிஷா, ஜமால் மாதிரிக் கறுப்பின ஆக்கள்ட பேரவிட 50 வீதம் கூட அழைப்பு வந்தது. இப்ப அர்த்தத்தப் பாருங்க, ஜமால் எண்டா அறபியில அழகு. எமிலி எண்டா பழைய ரோமக் குடும்பப் பேர் ஒண்டில இரிந்து வந்தது, போட்டிக்காரன் எண்ட சொல்லோட சேத்துச் சொல்லுவாங்க. அழகுக்குக் கோல் வரல்ல, போட்டிக்காரனுக்குத்தான் வந்தது. இத விளங்கிக்கொள்ள எங்களுக்கு அமெரிக்கா தேவையில்லத்தான். செக்பொயின்ற்றில பஸ்ஸால இறக்கி, வரிசையா நிக்க வச்சு ஐசிய, அதாவது அடையாள அட்டைய, வாங்கிப் பேரப் பாத்த காலத்தில, என்ட பேருக்கு என்ன அர்த்தம் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல, பேரப் பாத்த உடன ஒரு பக்கமா ஒதுங்கி நில்லு எண்டுதான் கை காட்டினாங்க.

கல்முனை ஆஸ்பத்திரியில நடந்ததும் ஞாபகம் வருது. 2004 சுனாமி அண்டு அலைக்குத் தப்பின ஒரு கைக்குழந்தைய அங்க கொண்டு வந்து சேக்கக்குள்ள அண்டைக்கு அது 81 ஆவது ஆள், அதால பேபி 81 எண்டு எழுதினாங்க. மரபணுப் பரிசோதனை செஞ்சு 2005 பெப்ரவரியில தாய் தகப்பனிட்டக் குடுத்தாச்சு, அதுக்கு அவங்க வச்ச நல்ல பேர் ஒண்டும் இரிந்தது. ஆனா உலகம் முழுக்க இண்டைக்கும் பேபி 81 தான். ஒரு இலக்கத்துக்கு என்ன அர்த்தம்? ஒண்டுமில்ல. ஆனா இந்தக் கரையில அதக் கேட்டா நெஞ்சு ஒருக்கா அடைக்கும்.

நட்சத்திர எழுத்து விசயம் நீங்க கேக்கல்ல, ஆனாலும் சொல்லிட்டுப் போறன். அசுவினிக்குச் சு, சே, சோ, ல, அதில உங்களுக்கு 'ல' கிடைச்சது அதிஷ்டம். திருவாதிரையில ஒரு பாதத்துக்கு 'ங' வரும், அஸ்தத்தில ஒண்டுக்கு 'ண' வரும், அந்த எழுத்தில தொடங்கி எந்தத் தாய் புள்ளையக் கூப்பிடுவாள்? வடமொழி எழுத்து வரிசைக்குப் போட்ட கணக்கு அது, தமிழுக்கு அளந்து தைச்சதில்ல. உண்மையச் சொன்னா 'ல' வும் பழைய தமிழ் இலக்கணப்படி சொல்லுக்கு முதலில வராது, இலாவண்யா எண்டுதான் எழுதோணும், ஆனா அத இப்ப ஆரும் எழுதமாட்டாங்க, நானும் எழுதச் சொல்லமாட்டன்.

எண்சாத்திரக்காரர் வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க. இங்கிலீஷ் எழுத்துக்கு எண் போட்டுக் கூட்டுவாங்க, எல் 3, ஏ 1, வி 6, என் 5, வை 1. லாவண்யா சாதாரணமா எழுதினாக் கூட்டுத்தொகை 18, அது கூடாதாம். நடுவில ஒரு ஏ கூடப் போட்டா 19, அது ராசயோகமாம். தமிழ்ப் புள்ளைட தலையெழுத்த இங்கிலீஷ்காரன்ட அரிச்சுவடி எழுதுது எண்டா பாருங்க. இந்த முறையப் பரப்பின கீரோ (1866-1936) எண்டவர்ட சொந்தப் பேர் வில்லியம் ஜோன் வோர்னர், அதோட வாழ ஏலாமத்தான் கீரோ எண்டு வச்சுக்கொண்டார் போல.

அந்த ஒரு ஏ யால வாற கரைச்சல் உங்களுக்குத் தெரியாது. என்ட தகப்பன்ட பேர் என்ட பிறப்புச் சான்றிதழில கந்தையா, ஒரு கந்தோரில வேலை செஞ்ச ஆள் அதக் கந்தயா எண்டு எழுதிப்போட்டார், ஐசியில அப்படியே போச்சு, பென்சன் எடுக்கப் போனா ரெண்டும் ரெண்டு ஆளாம். கிராம சேவகரிட்டக் கடிதம், சத்தியக்கடதாசி, முத்திரை, திரும்பவும் சத்தியக்கடதாசி, ஒண்டரை வருஷம் நடந்தன். செத்த மனிசனுக்கு ஒரு கொம்பு விழுந்ததுக்கு நான் செருப்புத் தேய்ஞ்சன். பேரின்ட அர்த்தம் பிழைச்சா ஒண்டும் ஆகாது, எழுத்துப் பிழைச்சா அது புள்ளைட கழுத்தில நிக்கும்.

இன்னொண்டு, அம்பாறைப் பக்கம் எண்டதால சொல்லுறன், வீட்டில சுருக்கிக் கூப்பிடப்போற பேரச் சிங்களத்திலயும் ஒருக்காச் சொல்லிப் பாருங்க. மாலதிய மாலு எண்டு கூப்பிட்டா சிங்களத்தில மீன். எனக்குத் தெரிஞ்ச ஒரு மாலு அம்பாறையில வேலைக்குப் போன முதல் நாளே சிரிச்சாங்களாம், மீன்பாடும் தேன்நாட்டுக்காரி, மட்டக்களப்பாள்தானே எண்டு அவவும் சிரிச்சிட்டு விட்டிட்டா. ஹரி எண்டா சரி எண்டு அர்த்தம், அவனக் கூப்பிட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. லாவண்யாவச் சுருக்கினா லாவு, லாவா, ஒண்டும் பிரச்சினையில்ல.

மாமியாருக்கு உப்புக் கதையில இன்னும் மனம் ஆறாட்டி அவட தாய்ட பேர் என்ன எண்டு கேளுங்க. எங்கட பக்கம் முதலெழுத்துத் தகப்பன்ட பேரில வரும், குடி, அதாவது குலம், தாய் வழியாலதான் வரும், ஆனா அந்தக் குடிய எந்தப் பத்திரத்திலயும் எழுதுறேல்ல. தாய் வழியால வந்த ஒரு பேர வீட்டுப் பேரா வச்சுக் கூப்பிட்டா மனிசி குளுந்து போவா, லாவண்யா பத்திரத்தில இரிக்கட்டும்.

42 நாளைக்குள்ள பதிய வேணும், துடக்குக் கழிவு முடிஞ்ச கையோட போங்க. போகக்குள்ள ஒரு கடதாசியில பேரத் தமிழிலயும் இங்கிலீஷிலயும் நீங்களே தெளிவா எழுதிக்கொண்டு போங்க, வாயால சொல்லி எழுத விடாதீங்க. மூண்டு சுழி ண, பிழைச்சு ரெண்டு சுழி போட்டுருவாங்க, கையெழுத்து வைக்க முதல் அந்தச் சுழிய எண்ணிப் பாத்திட்டு வைங்க.